பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

லினக்ஸ் வைத்திருப்பவர் பிரிண்டர் கடைக்குப் போனால் முதலில் கேட்பது, “இதுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கா?” கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார். விண்டோஸ், மேக் என்று போட்டிருக்கும். “சப்போர்ட் ஆகாது சார்” என்று சொல்லி உள்ளே வைத்துவிடுவார். கேள்வியே தப்பு. டிரைவர் இல்லாமலே ஓடுமா என்பதுதான் கேட்க வேண்டியது. அதற்கான விடையும் பெரும்பாலும் அதே பெட்டியில்தான் இருக்கிறது: ‘ஏர்பிரிண்ட்’. வேடிக்கை என்னவென்றால், அது ஆப்பிள் நிறுவனத்தின் சொல்.

ஒரு பக்கம் அச்சாவதற்கு முன்னால் புள்ளிகளாக மாற வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏ4 தாளுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் புள்ளிகள். எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்று யார் கணக்குப் போடுவது? கொஞ்சம் விலை கூடிய பிரிண்டர்களுக்குள் அதற்கென்று ஒரு சின்னக் கணினியே இருக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பொது மொழிகளில் பக்கத்தின் விவரத்தைச் சொன்னால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். மலிவு லேசர் பிரிண்டர் பலவற்றில் அந்த மூளையை எடுத்துவிடுகிறார்கள். புள்ளிக் கணக்கு முழுவதும் உங்கள் கணினியின் தலையில். கணக்குப் போட்டு, அந்த நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த சங்கேதத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் சங்கேதம் தெரிந்த நிரல்தான் டிரைவர்.

அப்படி ஒன்றை நானும் வாங்கினேன். நிறுவனம் கொடுத்த லினக்ஸ் டிரைவரோடு இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் மின்கட்டண ரசீதை அச்சிடக் கொடுத்தேன். திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. பிரிண்டரில் பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. தாள் அசையவே இல்லை. டிரைவர் பழைய தளத்துக்காகச் செய்தது, மூலநிரலும் வெளியில் இல்லை. யாராலும் திருத்த முடியாது.

பிரிண்டரால் நொந்த முதல் ஆள் நானில்லை. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கியது. சிக்கினால் கணினிக்குத் தகவல் போகும்படி நிரலை மாற்ற அங்கே நிரலராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கசப்பும் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சிக்கலை அவிழ்த்தது, எதிர்பாராத விதமாக, கைப்பேசி. ஐபோனில் யாரும் பிரிண்டர் டிரைவர் போட முடியாது. அதனால் 2010-இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்தபோது, பொது மொழியைப் புரிந்துகொள்ளும் வேலை பிரிண்டரின் பக்கம் போனது. அதன் அடித்தளம் ஐபிபி என்ற பொது நெறிமுறை. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-இல் வெளிவந்த கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் ஆரம்பத்திலிருந்தே பேசிவந்ததும் அதே ஐபிபிதான். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பதும் கப்ஸ்தான். ஆக, ஐபோனுக்காகப் பழகிய பிரிண்டர் லினக்ஸுக்கும் பழகிவிட்டது. ‘உன்னிடம் என்ன தாள் இருக்கிறது, வண்ணம் வருமா, இரண்டு பக்கமும் அடிப்பாயா?’ என்று கணினி கேட்கும்; பிரிண்டர் பதில் சொல்லும்; பக்கம் வரும். 2021-இல் வந்த டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்பு முதல், ஐபிபி பேசத் தெரிந்த பிரிண்டரை யுஎஸ்பி வயரில் இணைத்தாலும் இதே முறையில் ஓடுகிறது. ஸ்கேனர் சேர்ந்த இயந்திரங்களில் ஸ்கேனும் பெரும்பாலும் இப்படியே நடந்துவிடும்.

பெட்டியில் ‘வைஃபை’ என்று மட்டும் இருந்தால் நம்பிவிடாதீர்கள். ஏர்பிரிண்ட், அல்லது ஆண்ட்ராய்டு பக்கத்துச் சின்னமான ‘மோப்ரியா’ இருக்க வேண்டும். பிராண்டு அதற்கு அப்புறம்தான். எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப் திறந்த மூலநிரல், நல்ல சரக்கு. ஆனால் சில மாடல்களுக்கு மூடிய இணைப்பு ஒன்றைத் தனியாக இறக்க வேண்டும். பிரதர் லினக்ஸ் டிரைவர்களைத் தாராளமாகத் தருகிறது. அவற்றில் பல இன்டெல் வகைக் கணினிகளுக்கு மட்டுமானவை, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடாது. ஏர்பிரிண்ட் இருந்தால் இந்த இரண்டு தலைவலியும் இல்லை.

மாதம் பத்துப் பக்கம் அடிக்கிறவர் கறுப்பு வெள்ளை லேசரே வாங்கலாம். டோனர் பொடி காயாது. மை பிரிண்டரிலோ மை காய்ந்து முனை அடைத்துக்கொள்ளும். தினமும் வண்ணத்தில் அடிக்கிற வீட்டுக்கு மைத்தொட்டி பிரிண்டர் கட்டுப்படியாகும்.

தமிழ் சரியாக வருமா என்று கேட்பவர்களுக்கு: கொம்பும் காலும் சேரும் வேலை கணினியிலேயே முடிந்துவிடுகிறது. பிரிண்டருக்குப் போவது வடிவம் மட்டுமே.

பணம் கட்டுவதற்கு முன் லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போங்கள். பிரிண்டர் இருக்கிற அதே வைஃபையில் சேர்ந்து, ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து ‘அச்சிடு’ கொடுங்கள். எதையும் நிறுவாமலே பட்டியலில் அதன் பெயர் வந்து, ஒரு தாளும் வெளியே வந்தால் வாங்கலாம். வராவிட்டால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.