உஷார்! வீடு தருவார்கள், ஊர் போய்விடும்

புயலோ கடலரிப்போ உங்கள் குப்பத்தைத் தொட்ட பிறகு, "பாதுகாப்பான இடத்தில் இலவச வீடு" என்று யாராவது வந்து நின்றால் உஷாராக இருங்கள். இது ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மூன்றே மாதத்தில், 2005 மார்ச்சில், தமிழ்நாடு அரசின் அரசாணை எண் 172 வந்தது. கடலோரத்தில் 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் அதைத் தாண்டிக் குடிபோனால், ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம். பதிலுக்குப் பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போகாதவர்கள் இருக்கும் வீட்டைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்து நின்றவர்களிடம் இப்படிக் கேட்பதை விருப்பம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பிறகு வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழும்பின. பல ஊர்களில், கட்ட வந்தவர்கள் வெற்றுத் தரையாக இருந்தால்தான் கட்டுவோம் என்றார்கள். அதற்காக, அலை விட்டுவைத்த வீடுகளைக்கூட இடித்தார்கள். வேம்பு, பூவரசு, தென்னை எல்லாம் வெட்டுப்பட்டன. வலை பொத்துவது, பஞ்சாயத்துப் பேசுவது, கைக்குழந்தையைத் தூளியில் போடுவது எல்லாமே அந்த மரத்தடியில்தான். கூரை வீட்டுத் திண்ணையும் போயிற்று. தட்டைக் கூரையின் வெக்கைக்குள் முடங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கருவாடு காயப்போட மணல்வெளி வேண்டும், ஏலத்துக்கு ஓட கரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் வரைபடம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. கடல் கண்ணில் படாமல் வளரும் பிள்ளைக்கு நீரோட்டமும் காற்றும் யார் சொல்லித் தருவது?

போர் துரத்திய இடத்திலும் இதே ஆபத்துதான். இலங்கையில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமை 2012 செப்டம்பரில் மூடியபோது, கேப்பாப்புலவு மக்களைச் சொந்த ஊருக்கு விடவில்லை. ஊர் இராணுவத்தின் கையில் இருந்தது. சீனியாமோட்டையில் இறக்கிவிட்டு, மீள்குடியேற்றம் முடிந்தது என்றார்கள். தங்கள் காணிக்காக அந்தச் சனம் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று.

ஆகவே, சாவி வாங்கும் முன் தாளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பழைய மனையை ஒப்படைக்கிறேன் என்ற வரி அதில் இருந்தால், ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். குலுக்கல் முறையில் வீடு என்றால், அக்கம்பக்கம் பிரியாமல் தெருத்தெருவாக ஒதுக்கக் கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெண்களையும் அழைத்து உட்கார வையுங்கள்.