சீல் மாற்றியும் நிற்காத ஒழுகல்

போடியில் மாமா வீட்டு வாசலில் ஜீப் நிற்கும் இடத்தில் எப்போதும் ஓர் அட்டை கிடக்கும். கோலம் போடும் இடமெல்லாம் எண்ணெய் என்று அத்தை சத்தம் போட்டதால் வந்த அட்டை அது. மெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் பழைய டீசல் ஜீப். பின்அச்சு ஹவுசிங்கிலிருந்து ஒழுகுகிறது என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆயில் சீல் மாற்றியிருந்தார். ஒவ்வொரு தடவையும் பத்து நாள் காய்ந்திருக்கும். பிறகு அட்டையில் மறுபடியும் கறுப்பு வட்டம்.

"இப்ப வர்ற சீலே சரியில்ல மாப்ள" என்றார். அவர் கையிலிருந்த பழைய சீலை வாங்கிப் பார்த்தேன். ரப்பர் உதடு இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும்.

பழைய வண்டிகளின் பின்அச்சில் எண்ணெய் வெளியேற ஐந்தாறு வழிகள் உண்டு: புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் உள்ள பினியன் சீல், இரண்டு சக்கர முனைகளிலும் உள்ள ஆக்ஸில் சீல்கள், மூடியின் பேக்கிங், ஆயில் ஊற்றும் போல்ட், வடிக்கும் போல்ட். எண்ணெய் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது என்று நம்பிவிடுவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். நின்ற பிறகு அது வழிந்து, இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் கூடிச் சொட்டும். பினியனில் ஆரம்பித்த கசிவு மூடியின் அடியில் வந்து தொங்குவது அப்படித்தான்.

அதனால் முதலில் ஹவுசிங்கை டீசலும் கம்பிப் பிரஷ்ஷும் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். அதன்மேல் முகப் பவுடரை மெல்லத் தூவி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பூச்சில் முதலில் நனைந்த கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துவிடும். பினியனுக்கு நேர் மேலே வண்டியின் அடித்தகட்டில் எண்ணெய் ஒரு பட்டையாகத் தெறித்திருந்தால் குற்றவாளி பினியன் சீல். சுழலும் ஃபிளாஞ்ச் வீசியடித்த எண்ணெய் அது. சக்கரத்தின் உட்புறத்தில் மையத்திலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாக இருந்தால் ஆக்ஸில் சீல். சக்கரப் பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கியர் ஆயில் மிதக்கும். வழக்கமான பிரேக் ஆயில் கரைந்துவிடும்.

முகர்ந்தாலே கியர் ஆயிலைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய தீப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு கந்தக நெடி. கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல், அதற்குக் கீழே தள்ளிப் பினியனை வைக்கும் ஹைப்பாய்டு அமைப்பை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1926-ல் கார்களில் கொண்டுவந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, வண்டியின் தளமும் தாழ்ந்தது. ஆனால் இந்த அமைப்பில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, பெரும் அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன. வெறும் எண்ணெய்ப் படலம் அதைத் தாங்காது. கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த கூட்டுப்பொருள்கள் அந்தச் சூட்டில் எஃகோடு வினைபுரிந்து, பல்லின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. நெடி அதிலிருந்து வருவது.

மாமாவின் ஜீப்பில் பினியன், இரு சக்கரம் என்று மூன்று பக்கமும் ஈரம். மூன்று சீல்கள் ஒரே சமயத்தில் கெட்டுப்போவது அபூர்வம். ஹவுசிங்கின் மேல், சுண்டுவிரல் நுனி அளவு ஒரு பித்தளை மூக்கு இருக்கும். அதன் பெயர் பிரீதர். உள்ளே சூடாகும் காற்று வெளியேற அதுதான் வழி. மாமாவின் வண்டியில் அது இருந்த இடத்தில் ஒரு செம்மண் கட்டிதான் இருந்தது. மெட்டு ஏறி வந்த சூட்டோடு அதை ஸ்பானர் வைத்துத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று சீறி, எண்ணெய்ப் புகை கையில் அடித்தது.

கணக்கு எளிது. காலையில் 30 டிகிரியில் இருந்த அச்சு மலை ஏறும்போது 80 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கெல்வின் அளவில் 303-லிருந்து 353. வெளியேற வழியில்லாத காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். அதே நேரம் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். உள்ளே கூடுகிறது, வெளியே குறைகிறது, நடுவில் நிற்பது ரப்பர் உதடு மட்டும். சாதாரண ஆயில் சீல் இவ்வளவு அழுத்தத்தைத் தொடர்ந்து தாங்குவதற்குச் செய்யப்பட்டதில்லை. திரும்பும்போது இதற்கு நேர்மாறு நடக்கும். சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால், உள்ளே அழுத்தம் குறைந்து தண்ணீரை உறிஞ்சும். வடித்த எண்ணெய் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் அதுதான் காரணம். அந்த எண்ணெயில் பேரிங் அதிக நாள் நிற்காது.

அந்த ரப்பர் உதட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஜெர்மனியில் தோல் பதனிடும் ஃப்ராய்டன்பர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் 1930-களின் தொடக்கத்தில் இந்த வகைச் சீலை உருவாக்கியபோது உதடு தோலால் ஆனது. செயற்கை ரப்பர் பிறகுதான் வந்தது. உதடு ஷாஃப்ட்டை இறுகப் பிடித்து எண்ணெயை அடைக்கிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று ஓடுகிறது. உதட்டின் இரண்டு சரிவுகளும் வெவ்வேறு சாய்வில் வெட்டப்பட்டிருப்பதால், ஷாஃப்ட் சுழலச் சுழல அந்தப் படலம் காற்றுப் பக்கத்திலிருந்து எண்ணெய்ப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு சீலும் ஒரு நுண்ணிய பம்பு. தலைகீழாகப் போட்டால் அதே பம்பு எண்ணெயை வெளியே இறைக்கும்.

இது தெரிந்தால் பட்டறையில் செய்யும் பல தவறுகளுக்குக் காரணம் புரியும். சீல் உட்காரும் பரப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறினால் உதடு பல வருடம் உரசித் தோண்டிய பள்ளம் அங்கே இருக்கிறது. புதுச் சீலும் ஒழுகும். லேத்தில் கடைந்து சரிசெய்தால் மரை போன்ற சுருள் கோடு விழுந்து, அது எண்ணெயைத் திருகி வெளியே கொண்டுவரும். பள்ளத்தை மறைக்க மெல்லிய எஃகு உறை மாட்டலாம், அல்லது இடமிருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். சுத்தியலால் ஒரு பக்கம் தட்டி இறக்கினால் உள்ளே இருக்கும் சுருள் கம்பி நழுவிவிடும். அதே அளவுள்ள குழாயை வைத்து, நேராக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவாமல் போட்டால் முதல் சில சுற்றிலேயே காய்ந்து கருகும். பினியன் நட்டைக் கழற்றும் முன் அது இருந்த நிலையைப் புள்ளி குத்தி வைக்க வேண்டும். பேரிங்கின் இறுக்கம் அந்த நட்டைப் பொறுத்தது. ஷாஃப்ட்டே ஆடுகிறது என்றால் பேரிங்கை மாற்றாமல் சீல் போடுவதில் பயனில்லை.

பிரீதரை டீசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைச் சேஸிஸ் உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டினோம். அழுத்தத்தில் விரிந்துபோன சீல்களையும் மாற்றினோம். பிறகு, வண்டி உருளாமல் முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியோடு மரக்கட்டையும் முட்டுக்கொடுத்து, இடது பின்சக்கர டிரம்மை இழுத்தோம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். லைனிங் எண்ணெயில் ஊறிக் கண்ணாடி போலப் பளபளத்தது. இரண்டு மாதமாக இறக்கத்தில் மிதி ஆழமாகப் போகிறது என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. உள்ளே ஊறிய எண்ணெயைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ முழுதாக எடுக்க முடியாது. அடுத்த சூட்டில் மறுபடியும் மேலே வரும்.

மாமா அந்த ஷூவை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போனை எடுத்து, மறுநாள் காலைச் சவாரிக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளும்படி தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். பிறகு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புது லைனிங் வாங்கிவரக் கிளம்பினார்.