மடிப்பு கலையாத சீருடை: ராணுவப் பயிற்சியில் துணிப் பராமரிப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

புது தில்லி: ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களிடம் பயிற்சிக் காலம் குறித்துக் கேட்டால், துப்பாக்கிப் பயிற்சிக்கு முன்பாகவே பூட்ஸ் பாலிஷும் கஞ்சி போட்ட சட்டையும் அவர்களது நினைவுக்கு வருவது வழக்கம். சீருடைத் துணி மாறிவிட்டது. பயிற்சிக் காலமும் சுருங்கிவிட்டது. இந்நிலையில், அந்தப் பழக்கம் எதற்காக உருவானது, அதில் எது இன்றும் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

பயிற்சி மையத்தில் என்ன நடக்கிறது?

காலாட்படையில் சேரும் இளைஞர், தமது ரெஜிமென்ட்டின் பயிற்சி மையத்துக்கு அனுப்பப்படுகிறார். கர்வால் ரைபிள்ஸுக்கு உத்தராகண்டின் லான்ஸ்டவுன், குமாவுன் ரெஜிமென்ட்டுக்கு அதே மாநிலத்தின் ராணிக்கேத், மராத்தா லைட் இன்ஃபன்ட்ரிக்குக் கர்நாடகத்தின் பெலகாவி, மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியின் வெலிங்டன் எனத் தனித்தனி மையங்கள் உள்ளன. புதியவரை 'ரங்ரூட்' என்றும், பயிற்சியாளரை 'உஸ்தாத்' என்றும் அழைப்பது அங்குள்ள வழக்கு.

முதல் நாள்களிலேயே தலைமுடி ஒட்ட வெட்டப்படுகிறது. சீருடை, பூட்ஸ், கம்பளி, சாப்பாட்டுத் தட்டு, குவளை ஆகியவை வழங்கப்படுகின்றன. அவற்றை வைப்பதற்கான கறுப்பு இரும்புப் பெட்டியின் மேல் உரியவரின் பெயரும் எண்ணும் வெள்ளை எழுத்தில் பொறிக்கப்படும்.

ஆய்வு நாளில் இவை அனைத்தும் கட்டிலின் மீது குறிப்பிட்ட வரிசையில் பரப்பப்பட வேண்டும். ஒரு பொத்தான் தளர்ந்திருந்தாலும் தண்டனை உண்டு. 'பிட்டு' எனப்படும் முதுகுப் பையைச் சுமந்தபடி மைதானத்தைச் சுற்றி ஓடுவது அவற்றில் ஒன்று. ஒருவரது குறைக்காகக் குழு முழுவதும் ஓட நேர்வதும் உண்டு. அதனால், தைக்கத் தெரியாதவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் பொத்தான் தைத்துக் கொடுப்பார். அவரது பூட்ஸை இவர் மெருகேற்றித் தருவார். மொழி புரியாத இருவரிடையே முதல் நட்பு இப்படித்தான் உருவானது எனப் பலர் நினைவுகூர்கின்றனர்.

துணி மாறியது, வேலையும் மாறியது

'காக்கி' என்ற சொல்லுக்கு வேர், புழுதியைக் குறிக்கும் 'காக்' என்ற பாரசீகச் சொல். 1840-களில் பெஷாவரில் அமைக்கப்பட்ட கைட்ஸ் படைப்பிரிவு இந்நிறத்தை அணியத் தொடங்கியது. விடுதலைக்குப் பின்னர் இந்திய ராணுவம் ஆலிவ் பச்சைக்கு மாறியது. பாகிஸ்தான் ராணுவம் காக்கியிலேயே தொடர்ந்தது.

பருத்திச் சீருடைக் காலத்தில் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, உலர்த்தி, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். மழையும் பனியும் மிகுந்த மலை நகர மையங்களில் துணி உலர்வதே பெரும்பாடு. பித்தளைப் பட்டைகளைத் துலக்குவதும், துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, சொட்டு நீர் தொட்டு, சிறு வட்டங்களாகத் தேய்த்துப் பூட்ஸுக்குப் பளபளப்பு ஏற்றுவதும் இரவு நேர வேலைகள். டெரிகாட்டன் துணி வந்த பிறகு கஞ்சியின் தேவை குறைந்தது.

2022 ஜனவரி 15 ராணுவ தினத்தன்று, தில்லி தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட புதிய போர்ச் சீருடை அறிமுகமானது. பருத்தியும் பாலியஸ்டரும் 70:30 விகிதத்தில் கலந்த இத்துணி எடை குறைந்தது, விரைவில் உலரக்கூடியது. இதன் மேற்சட்டையைக் கால்சட்டைக்குள் செருக வேண்டியதில்லை.

அழகுக்காக மட்டும்தானா?

இல்லை என்பதற்குப் போர்க்களங்களே சான்று. முதல் உலகப் போரில், 1914-15இல் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் ஈரத்தில் நின்ற வீரர்களின் பாதங்கள் அழுகின. உலர்ந்த காலுறைக்கு மாறுவதும் பாதங்களை நாள்தோறும் ஆய்வு செய்வதும் அதன்பின் கட்டாய நடைமுறையாயின. 1962 போரில், பருத்திச் சீருடையுடனும் கேன்வாஸ் காலணியுடனும் இமயமலைக்கு அனுப்பப்பட்ட இந்திய வீரர்கள் பலர் கடுங்குளிரால் பாதிக்கப்பட்டனர்.

1984 ஏப்ரல் முதல் ராணுவம் நிலைகொண்டுள்ள சியாச்சினில், எதிரியின் குண்டுகளைவிட வானிலையால் ஏற்பட்ட உயிரிழப்புகளே அதிகம். அங்கு வியர்வையில் நனைந்த காலுறையை மாற்றத் தவறினால் விரல்களையே இழக்க நேரிடலாம். பயிற்சி மையத்தில் காலுறையைத் துவைத்து உலர்த்திய பழக்கம் அங்கே உயிர்காக்கும் பழக்கமாகிறது.

செலவை ஏற்பது யார்?

சலவைப்படி, காலணிப்படி, உடைப் பராமரிப்புப்படி எனத் தனித்தனியாக வழங்கப்பட்ட தொகைகள், ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2017 ஜூலை முதல் ஒரே உடைப்படியாக இணைக்கப்பட்டன. அப்போது ராணுவ அதிகாரிகளுக்கு ஆண்டுக்கு ரூ.20,000, அதிகாரி நிலைக்குக் கீழுள்ளோருக்கு ரூ.10,000 என நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இத்தொகை 25 சதவீதம் உயரும்.

சர்ச்சை எங்கே எழுகிறது?

தமது உடையைத் தாமே பராமரிப்பது பயிற்சியின் முதல் பாடம். ஆனால், பின்னாளில் சில வீரர்கள் 'சகாயக்' எனப்படும் உதவியாளர்களாக நியமிக்கப்பட்டு, அதிகாரிகளின் சீருடையையும் ஆயுதத்தையும் ஒழுங்குபடுத்தும் பணியில் ஈடுபடுத்தப்படுகின்றனர். கடற்படையிலும் விமானப்படையிலும் இம்முறை இல்லை. இது வீரர்களின் சுயமரியாதையைக் குறைக்கும் காலனிய எச்சம் எனக் கூறி, இதைக் கைவிடுமாறு பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2008இல் பரிந்துரைத்தது. களத்தில் அதிகாரிக்கும் வீரருக்கும் இடையிலான பிணைப்புக்கு இம்முறை உதவுகிறது என்பது ராணுவத் தரப்பின் வாதம். வீட்டு வேலைகளுக்கு இவர்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற அறிவுறுத்தலும் உள்ளது.

இனி என்ன?

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரப் பணிக்குத் தேர்வாவர். பயிற்சிக் காலமும் முந்தைய முறையைவிடக் குறைவு. ஆயுதங்களையும் நவீனக் கருவிகளையும் கற்க வேண்டிய இக்குறுகிய காலத்தில், பாலிஷுக்கும் இஸ்திரிக்கும் மணிக்கணக்கில் ஒதுக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே.

பளபளப்பு குறையலாம், ஆனால் ஆய்வு குறையக் கூடாது என்பதே மூத்த வீரர்கள் பலரின் கருத்து. தன் பொருளைத் தானே சரிபார்க்கும் வழக்கம் பயிற்சி மையத்தில் படியாவிட்டால், பனிமலையில் அதைக் கற்றுத்தர நேரம் இருக்காது என்பது அவர்கள் முன்வைக்கும் காரணம்.