ஊதா நிறம் சொன்ன ரகசியம்

வலைப்பக்கம் ஒன்றில் நாம் இதுவரை சென்றறியாத இணைப்புகள் நீல நிறத்திலும், ஒருமுறை சென்று திரும்பியவை ஊதா நிறத்திலும் தென்படுகின்ற வழக்கம், 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் என்னும் உலாவியின் காலத்திலிருந்தே நிலைத்துவிட்ட ஒன்று. படித்ததையே மறுபடியும் படித்துப் பொழுதை விரயம் செய்யாதிருக்க வாசகருக்குச் செய்யப்பட்ட உபகாரம் அது. ஆயினும், ஓர் இணைப்பை ஊதாவாக்க வேண்டுமென்றால், நாம் எங்கெங்கே போய்வந்தோம் என்பதை உலாவி குறித்து வைத்திருந்தாக வேண்டும். 'ஹிஸ்டரி' என்று நாம் சொல்வது அந்தக் குறிப்பேட்டைத்தான்.

இந்தக் குறிப்பேடு நம் கணினியினுள்ளே இருக்கிறது, அதை வேறொருவர் புரட்டிப் பார்க்க இயலாது என்றே நெடுநாள் எல்லோரும் நம்பியிருந்தோம். ஆனால், பக்கத்தை வடிவமைப்பவர் தம் பக்கத்திலுள்ள எந்தச் சொல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று உலாவியையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி ஒன்று இருந்தது. ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஓரத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் புதைத்து வைத்து, ஒவ்வொன்றும் நீலமா, ஊதாவா என்று வினவினால், வந்திருக்கும் விருந்தாளி எந்த வங்கியின் வாடிக்கையாளர், எந்த வியாதியைப் பற்றிப் படித்தவர், எந்தக் கட்சியின் பத்திரிகையை வாசிப்பவர் என்பதெல்லாம் கணப்பொழுதில் அம்பலமாகிவிடும். நிரபராதியான ஒரு நிறம் சாட்சிக் கூண்டில் ஏறி நமக்கெதிராக வாக்குமூலம் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

உலாவி தயாரிக்கும் மொசில்லா நிறுவனத்தின் பிழைப் பதிவேட்டில் 2002-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்ட இந்தக் குறைக்குப் பரிகாரம் காண எட்டாண்டுகள் பிடித்தன. ஊதா நிறத்தையே எடுத்துவிடுவது சுலபம். ஆனால், வாசகருக்கு இருந்த சௌகரியமும் அத்துடன் போய்விடும். 2010-இல் டேவிட் பேரன் என்னும் மொசில்லா பொறியாளர் முன்வைத்த உபாயம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது: மனிதரின் கண்ணுக்கு ஊதாவைக் காட்டிக்கொண்டே, பக்கத்தின் நிரல் வந்து கேட்டால் மட்டும் "எல்லாம் நீலம்" என்று உலாவி விடை சொல்ல வேண்டும் என்றார் அவர். உண்மையே பேசும்படி அமைந்த யந்திரத்துக்கு, உரிமையில்லாதவன் கேட்டால் பொய் சொல்லவும் கற்பிக்க நேர்ந்தது. 2011 மார்ச்சில் வெளியான மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் 4 உலாவி அவ்வாறே நடந்துகொண்டது. மற்ற உலாவிகளும் அம்முறையைக் கைக்கொண்டன.

நிறத்தைக் கேட்டு வேவு பார்ப்பது வெறும் ஆராய்ச்சிக்கூடத்துப் பயம் அன்று. 2010-இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் 50,000 தளங்களைச் சோதித்து, அவற்றுள் 46 தளங்கள் மெய்யாகவே இந்த வேவு வேலையைச் செய்துவந்ததைக் கண்டார்கள். 2012 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், எபிக் மார்க்கெட்பிளேஸ் என்ற விளம்பர நிறுவனம் 54,000-க்கும் மேற்பட்ட தளமுகவரிகளை இவ்விதம் வினவிவந்ததாகக் குற்றம் சாட்டி, திரட்டிய தகவல்களை அழிக்கும்படி செய்தது. கருத்தரிப்புச் சிகிச்சை, ஆண்மைக்குறைவு, மாதவிடாய் நிற்றல், கடன் தீர்வு, திவால்: அந்நிறுவனம் தேடிய விஷயங்களுள் இவையும் இருந்தன. சொந்தச் சகோதரரிடம்கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் துயரங்களை, முன்பின் அறியாத வியாபாரி ஒருவன் விளம்பரம் விற்பதற்காக எண்ணிக்கொண்டிருந்தான் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அந்த நாட்களில் சாதாரண மனிதரின் கையில் இருந்த எளிய கவசங்களுள் ஒன்று ஹிஸ்டரியை அழிப்பது; குறிப்பேடு வெறுமையாயிருந்தால் ஊதாவும் இல்லை, வாக்குமூலமும் இல்லை. உலாவிகள் பொய் சொல்லக் கற்ற பிறகும், நிறத்தை நேரே கேட்காமல், அதைத் திரையில் வரைய ஆகும் நேரத்தை அளந்து ஊகிக்கும் தந்திரங்கள் தோன்றிய காரணத்தால், 2025-இல் வந்த கூகுளின் குரோம் உலாவியின் 136-ஆம் பதிப்பு அடிப்படையையே மாற்றியது: ஒரு தளத்தில் நின்று நாம் சொடுக்கிய இணைப்பு, பொதுவாக அதே தளத்தில்தான் ஊதாவாகத் தெரியும்.

எனினும், ஹிஸ்டரியை அழித்துவிட்டால் நாம் வந்துபோன சுவடே உலகில் இல்லாமல் போயிற்று என்று எண்ணுவது தவறு. மளிகைக் கடைப் பற்றுக் கணக்கை எழுதிய நோட்டை நாம் வீட்டில் கிழித்துப் போட்டாலும், கடைக்காரரின் பேரேட்டில் அந்தப் பற்று அப்படியேதான் இருக்கும். நாம் சென்ற தளம் தன் பதிவை வைத்திருக்கிறது. இணையச் சேவை தரும் நிறுவனத்துக்கு நாம் படித்த பக்கம் தெரியாவிட்டாலும், சென்ற தளத்தின் பெயர் பெரும்பாலும் தெரிந்துவிடும். கூகுள் கணக்கினுள் நுழைந்தபடி தேடியவை அந்தக் கணக்கின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் தனியே சேர்கின்றன. அவற்றை அங்கே போய்த்தான் நீக்க வேண்டும். மூன்று மாதத்தில் தானாகவே அழியும்படியும் அங்கே ஏற்பாடு செய்துகொள்ளலாம். 'இன்காக்னிட்டோ' சாளரமும் நம் கணினியில் குறிப்பு எழுதாமல் இருக்குமே தவிர, வெளியிலுள்ள பேரேடுகளைத் தொடாது.

அப்படியானால் அழிப்பதில் பிரயோஜனம் என்ன என்று கேட்பவர்கள், ஒரே செல்பேசியைக் குடும்பம் முழுதும் கைமாற்றிக்கொள்ளும் நம் வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். கணவனின் அடிக்கு அஞ்சி வாழ்கின்ற ஒரு பெண், பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணைப் பற்றி நள்ளிரவில் படித்திருக்கக்கூடும். அவளுக்கு அபாயம் தொலைவிலுள்ள விளம்பரக்காரனிடமிருந்து வருவதன்று, காலையில் அதே செல்பேசியைக் கையில் எடுப்பவனிடமிருந்து வருவது. முழுவதையும் அவள் துடைத்தெறிந்தால், காலியாயிருக்கும் குறிப்பேடே அவன் சந்தேகத்தைக் கிளறிவிடக் கூடுமாதலால், சமையல் குறிப்பையும் பஸ் நேரத்தையும் அவ்வாறே விட்டுவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் நீக்குவதே அவளுக்கு உசிதம்; இன்காக்னிட்டோ சாளரத்தில் தேடியிருந்தால் அந்த வேலையும் மிச்சம். நீக்கிய பின்பு, இறக்கி வைத்த கோப்பு ஏதேனும் தங்கியிருக்கிறதா என்று தேடிப் பார்த்து, முகவரிப் பட்டையில் அந்தத் தளப் பெயரின் முதலெழுத்தைத் தட்டி, அது இன்னமும் எழுந்து வருகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.