தங்கவயல் வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற பல்லாண்டுச் செடிகள்

கோலார் தங்கவயலில் வீட்டைச் சுற்றிச் சிறிதளவேனும் மண் உடைய குடும்பங்கள் பல உள்ளன. வாயிற்புறத்தில் நான்கு பூச்செடிகளும் கொல்லையில் ஒரு கறிவேப்பிலையும் வேண்டுமென விரும்பாதவர் அரியர். ஆயினும், மழைக்காலத்தில் ஆசையுடன் வாங்கி நட்ட செடிகளுள் பல அடுத்த சித்திரைக்குள் பட்டுப்போவதைக் காண்கிறோம். பராமரிப்பில் உள்ள குறையைவிட, இடத்திற்குப் பொருந்தாத செடியைத் தேர்ந்தெடுத்ததே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். நீர் குறைந்த ஊரில், ஒருமுறை நட்டுப் பல ஆண்டுகள் பயன்பெறத்தக்க செடிகளை எவ்வாறு தேர்வது என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

மழையும் நீரும்

தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனால் வேலூரின் கடும் வெப்பம் இங்கு இல்லை. மார்கழி, தை மாத இரவுகளில் குளிரும் உண்டு. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பகுதி ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பெய்துவிடுகிறது. பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களே செடிகளுக்குச் சோதனைக் காலம்.

ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு கோலார் மாவட்டத்தில் இல்லை. சுரங்கக் கம்பெனியின் காலத்தில் பாலாற்றில் அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாகத் தங்கவயலுக்கு நீர் கொண்டுவரப்பட்டது. இன்று ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் நீரையும் நம்பியிருக்கும் வீடுகள் பல. காசு கொடுத்து வாங்கிய நீரை நாள்தோறும் செடிக்கு ஊற்றுவது எந்தக் குடும்பத்திற்கும் இயலாது. எனவே, கோடையில் குறைந்த நீரில் தாக்குப்பிடிக்குமா என்பதே செடி வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

மண்ணை அறிதல்

இவ்வட்டாரத்தின் இயல்பான மண் கல் கலந்த செம்மண். நீர் எளிதில் வடிந்துவிடும், மட்குச்சத்து குறைவு. இதனைத் தொழுவுரம் இட்டுத் திருத்திவிடலாம். தங்கவயலில் கருத வேண்டிய மற்றொரு மண்ணும் உண்டு. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது முதல், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது வரை, பொன் தாங்கிய பாறை இங்கு மாவாக அரைக்கப்பட்டது. சயனைடு கரைசல் கொண்டு பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய பொடியே இன்று சயனைடு மேடுகளாக ஊரெங்கும் நிற்கிறது. ஆடிக் காற்றில் இப்பொடி பறந்து வீடுகளில் படிவதை ஊரார் அனைவரும் அறிவர்.

இப்பொடியில் மட்கு இல்லை. உப்பும் உலோக எச்சங்களும் இருக்கக்கூடும். ஆதலால் தோட்டத்தை மேடாக்கவோ தொட்டிகளை நிரப்பவோ மேட்டு மண்ணைப் பயன்படுத்தலாகாது. மேடுகளுக்கு அருகில் வசிப்போர், உண்ணும் செடிகளை மட்டும் வேறிடத்திலிருந்து கொணர்ந்த நல்ல மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய தொட்டிகளிலோ உயர்த்திய பாத்திகளிலோ வளர்ப்பது நன்று. கறிவேப்பிலை, புதினா போன்றவற்றைச் சமைக்குமுன் நன்கு கழுவுதல் வேண்டும்.

மண் பரிசோதனை செய்துகொள்வது பயன் தரும். தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோ அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். கோலாரை அடுத்த தமகாவில் வேளாண் அறிவியல் நிலையமும் தோட்டக்கலைக் கல்லூரியும் உள்ளன; அங்கு ஆலோசனை கேட்கலாம். வழக்கமான பரிசோதனை அமில காரத் தன்மை, உப்பு, ஊட்டச்சத்து ஆகியவற்றையே காட்டும். உலோகங்களுக்கான பரிசோதனையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

பல்லாண்டுச் செடி என்பது யாது?

செண்டுமல்லி, காசித்தும்பை போன்றவை ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து விதையிட்டு மடிபவை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விதைக்க வேண்டும். பல்லாண்டுச் செடியோ முதலாண்டில் தன் வலிமையின் பெரும்பகுதியை வேருக்குச் செலவிடுகிறது. வேர் ஆழமாக இறங்கிய பின், மேல்மண் காய்ந்தாலும் அடிமண்ணின் ஈரத்தைக் கொண்டு வாழ்கிறது. முதலாண்டில் நாம் செலவிடும் உழைப்பும் நீரும் பின்வரும் ஆண்டுகளில் குறைந்த செலவாகத் திரும்பி வருகின்றன.

வெயில் மிகுந்த இடத்திற்கு

நாளில் ஆறு மணி நேரத்திற்கு மேல் வெயில் படும் இடத்திற்குக் காகிதப்பூ மிகப் பொருத்தமானது. வேரூன்றிய பின் நீர் மிகுந்தால் இலைகளே பெருகும். சற்றே காயவிட்டால் பூ மிகும். நாம் பூ எனக் கருதும் வண்ணப் பகுதிகள் உண்மையில் மாறுபட்ட இலைகளே. முள் உடையதாகையால் நடைபாதையை ஒட்டி நடுதல் வேண்டா.

செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பூசைக்குப் பூத்தரும் உறுதியான புதர்கள். செம்பருத்தியில் ஒற்றை இதழ் கொண்ட நாட்டுச் சிவப்பு வகை, புதிய கலப்பு வகைகளைவிடக் குறைந்த கவனத்தில் வளரும். மாவுப்பூச்சி கண்டால் அக்கிளையை வெட்டி அகற்றிவிட்டு, வேப்பெண்ணெயைச் சிறிது சோப்பு நீருடன் கலந்து தெளிக்கலாம்.

நித்தியகல்யாணி தன் பெயருக்கேற்ப ஆண்டின் பெரும்பகுதி பூப்பது. கல் கலந்த மண்ணிலும் வளரும். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் என்னும் மருந்து பெறப்படுகிறது. எனினும் செடி நஞ்சுடையது. வீட்டு வைத்தியத்திற்கு இதனைப் பயன்படுத்துதல் கூடாது.

அரளியைப் போல் வறட்சி தாங்கும் பூச்செடி அரிது. ஆடுமாடுகளும் பெரும்பாலும் இதனைத் தொடா. ஆனால் வேர் முதல் பூ வரை எல்லாப் பகுதிகளும் கடும் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதனைத் தவிர்க்கவே பரிந்துரைக்கிறோம்.

அரைநிழலுக்கு

சுவரோரத்திலும் மரத்தடியிலும் கனகாம்பரம் நன்கு வளரும். குளிர் மாதங்களில் பூ குறைந்து பின் மீளும். வேர் முடிச்சு நூற்புழுவே இதன் முதற்பகை. செடி காரணமின்றி வாடி, வேரில் சிறு முடிச்சுகள் காணப்பட்டால் அதனை வேரோடு அகற்றி, அவ்விடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி பயிரிடலாம். செண்டுமல்லியின் வேர் அப்புழுக்களைக் குறைக்கும் இயல்புடையது.

இட்லிப்பூ அழகியதேயாயினும் காரத்தன்மை மிகுந்த மண்ணில் இளந்தளிர் வெளுத்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இதனைத் தொட்டியில் வைத்து மழைநீர் ஊற்றி வளர்ப்பதே நலம்.

அடுக்களைக்கு

கறிவேப்பிலை முதல் இரண்டாண்டுகள் மெல்ல வளரும். பின்னர் தலைமுறை கடந்தும் பயன் தரும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை, எலுமிச்சைப்புல் ஆகிய மூன்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அண்டை வீட்டிலிருந்து ஒரு கிளையோ பக்கக் கன்றோ ஒரு பிடித் தூரோ பெற்றுவந்தால் போதும். இம்மூன்றுக்கும் தேங்கும் நீர் ஆகாது.

சரிவுக்கும் தூசிக்கும்

பாறைத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முற்றத்தில் வெறும் மண் தரையாக விடப்பட்ட இடத்திலிருந்து தூசு மீண்டும் மீண்டும் எழும். அவ்விடங்களைச் செடிகளாலும் சருகு மூடாக்காலும் மூடுவதும், பெருக்குமுன் நீர் தெளிப்பதும் நல்ல பழக்கம். காற்று வீசும் திசையில் செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவற்றை மூன்றடிக்கு ஒன்றாக நட்டால் அடர்ந்த உயிர்வேலி அமையும். அது தூசியை முற்றிலும் தடுக்காது, ஓரளவு குறைக்கும்.

மண் அரிக்கும் சரிவுகளுக்கு வெட்டிவேர் சிறந்தது. இதன் வேர் பக்கவாட்டில் படராமல் இரண்டு, மூன்று மீட்டர் ஆழம் வரை நேராக இறங்கும். பல நாடுகளில் சுரங்கக் கழிவு மேடுகளை நிலைப்படுத்தவும் இப்புல்லே நடப்படுகிறது.

உண்ணிச்செடி எவ்விதக் கவனிப்புமின்றி வளரும் என்பதற்காக அதனை நடலாகாது. அது அயல்நாட்டுக் களைச்செடி. வேலியைத் தாண்டிப் பரவினால் ஒழிப்பது கடினம். ரோசாவும் குண்டுமல்லியும் பல்லாண்டுச் செடிகளே ஆயினும், கவாத்து, உரம், கோடை நீர் ஆகிய மூன்றையும் தவறாமல் கோருபவை. நேரம் உள்ளவர்கள் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம்.

நடவு முறை

நாற்றுப் பண்ணையில் பூ நிறைந்த பெரிய செடியைவிட, பக்கக் கிளைகளுடன் கூடிய இளஞ்செடியே மேலானது. பையின் அடியில் வேர் சுருண்டு கிடந்தால் அச்செடியைத் தவிர்க்கவும்.

மே மாதத்தில் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்துச் சில வாரம் வெயிலில் ஆறவிடுதல் நலம். குழியில் நீர் நிரப்பிப் பார்க்கவும். மறுநாளும் நீர் நின்றால் அங்கு உயர்த்திய பாத்தி அமைக்க வேண்டும். செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து, ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்குச் சேர்த்துக் குழியை நிரப்புக. ஆடிக் காற்று தணிந்து மழை நிலைத்தபின், ஆகஸ்டு இறுதியில் நட்டால் கோடைக்குமுன் வேர் இறங்க ஐந்து மாதம் கிடைக்கும். நட்டபின் காய்ந்த இலை, தேங்காய் நார் ஆகியவற்றை மூன்று அங்குல உயரத்திற்குப் பரப்புக. தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுக.

நீர்க்கணக்கு

செடிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுமுன் ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். 50 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் பெய்தால் 35,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 28,000 லிட்டர் எஞ்சும். இதில் தொட்டியின் கொள்ளளவுக்கு உட்பட்டதையே கோடைக்குச் சேமிக்க இயலும்.

வேரூன்றிய நடுத்தரப் புதர் ஒன்றுக்கு, மூடாக்கு இருந்தால், வாரம் 10 லிட்டர் எனக் கொள்வோம். பத்துச் செடிகளுக்கு 16 கோடை வாரங்களில் 1,600 லிட்டர் ஆகும். மழைக்கால இறுதியில் நிரப்பி மூடிவைத்த 1,000 லிட்டர்த் தொட்டிகள் இரண்டு இதற்குப் போதும். முதலாண்டுச் செடிக்கு இரு மடங்கு நீர் தேவைப்படும் என்பதால் பத்தையும் ஒரே ஆண்டில் நட்டால் இத்தொட்டிகள் போதா. இவ்வாண்டு ஐந்தும் அடுத்த ஆண்டு ஐந்துமாக நடுவதே சிக்கனமான வழி. நாள்தோறும் சிறிது நீர் ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஆழமாக நனைய ஊற்றுக. காய்கறி கழுவிய நீரையும் பயன்படுத்தலாம். சலவைத்தூள் கலந்த நீர் மண்ணை உப்பாக்குமாதலால் அதனை விலக்குக.

அடுத்த நடவுக்காலத்திற்குமுன், உங்கள் தோட்டத்தில் எவ்விடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதை ஒரு தாளில் குறித்துவையுங்கள். நாற்றுப் பண்ணைக்குச் செல்லும்போது அத்தாளையும் நீர்க்கணக்கையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.