உவர்நீர் மீனும் உப்பின் அளவும்

திருவான்மியூரினின்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், முட்டுக்காட்டிலே கழியும் கடலும் கலக்கக் காண்பர். ஆண்டுள்ள நீர் நன்னீருமன்று, கடல்நீருமன்று; உவர்நீர் எனப்படும். சென்னையில் 1987-இல் நிறுவப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஆங்கொரு களம் அமைத்துக் கரிமீன் முதலியவற்றை ஆராய்ந்து வருகின்றது.

அத்தகைய மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்கு எவ்வளவு உப்பு வேண்டும்? கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புடையது. அதில் ஒரு பங்குடன் நன்னீர் இரு பங்கு கலப்பின் ஏறத்தாழ 12 கிராமாகும். கரிமீனுக்கு இஃது ஏற்றதே. ஆயினும் ஐப்பசி கார்த்திகை மழையில் கழியின் உப்புக் குறையும், கோடையில் மிகும். இரண்டினும் அம்மீன் வாழ்தலின், அளவைக் காட்டிலும் மாற்றத்தின் விரைவே கருதற்பாலது. நன்னீரில் மீனுடலுள் நீர் புகும். கடல்நீரில் உடலினின்று நீர் வெளியேறும். இதனைச் செவுளும் சிறுநீரகமும் சமன்செய்யச் சில நாட்கள் வேண்டும். ஒரேநாளில் மாற்றின் மீன் மடியவும் கூடும்.

ஆதலின், நாவால் சுவைத்துத் துணியாது, நீரின் அடர்த்தி காட்டும் திரவமானி கொண்டு அளத்தல் நன்று. தொட்டிநீர் ஆவியாய்க் குறையுங்கால் உப்பு எஞ்சி நிற்கும். எனவே குறைந்த அளவுக்கு நன்னீரே வார்த்தல் வேண்டும். கழியிலுள்ள மீன் தனக்கேற்ற நீரை நாடிச் செல்லும். தொட்டியில் அடைபட்ட மீனுக்கு அந்நீரைத் தேர்ந்தளித்தல் வளர்ப்போர் கடனாம்.