பன்றிக் குட்டிகளின் சண்டையைத் தணித்தல்

பால் மறந்த பன்றிக் குட்டிகளை வெவ்வேறு ஈற்றுகளிலிருந்து எடுத்து ஒரே கொட்டிலில் அடைத்தால், சிறிது நேரத்திற்குள் அவை ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். தலையாலும் தோளாலும் முட்டும். காதிலும் கழுத்திலும் கடிக்கும். இதனை இளமைக் குறும்பு என்றெண்ணி வாளா இருத்தல் தகாது. காயத்தின் வழியே நோய்க்கிருமிகள் புகும். தோற்ற குட்டி தீவனத் தொட்டியை அணுக அஞ்சி மெலியும். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90 இலட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றுள் அஸ்ஸாம் மாநிலத்தில் இருந்தவையே மிகுதி. அங்கு இரண்டொரு குட்டிகளை வளர்க்கும் எளிய குடும்பத்திற்கு ஒரு குட்டியின் இழப்பும் சிறிதன்று.

சண்டைக்குக் காரணம் யாது? பன்றி கூட்டமாக வாழும் பிராணி. ஒவ்வொரு கூட்டத்திலும் வலியது, எளியது என்ற வரிசை உண்டு. பிறந்த சில நாட்களிலேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு பால்காம்பைப் பற்றிக்கொள்கிறது. அறிமுகமற்ற குட்டிகள் கூடும்பொழுது புதிய வரிசை வகுக்கப்படுதல் வேண்டும். அதுவே போராக வெளிப்படுகிறது. பெரும்பாலும் ஓரிரு நாட்களில் இது தணியும். பின்னர் புதிய குட்டியொன்றைச் சேர்த்தால் மீண்டும் கலகம் எழும்.

ஆகவே, இயன்றவரை ஓர் ஈற்றுக் குட்டிகளைப் பிரிக்காது ஒன்றாகவே வளர்ப்பது சிறந்தது. கலப்பது தவிர்க்க முடியாதாயின், தாயிடம் பால் குடிக்கும் பருவத்திலேயே, ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில், அடுத்தடுத்த அறைகளின் தடுப்பை நீக்கிக் குட்டிகளைப் பழகவிடலாம். இவ்வாறு பழகியவை பின்னர்க் குறைவாகவே சண்டையிடும். மயக்க மருந்து கொடுத்துக் கலப்பது சண்டையை ஒத்திப்போடுமேயன்றி ஒழிக்காது.

தோற்ற குட்டி விலகி ஓடப் போதிய இடமும், மறைந்து நிற்க ஒரு குறுஞ்சுவரும் கொட்டிலில் அமைதல் நலம். எல்லாக் குட்டிகளும் ஒருங்கே உண்ணும் அளவுக்குத் தீவனத் தொட்டி நீளமாக இருத்தல் வேண்டும். கிளறவும் மெல்லவும் வைக்கோல் இடுவது மிக்க பயன் தரும்.

வாலைக் கடித்தல் வேறு வகையானது. வரிசைப் போர் ஓய்ந்த பின்னரும் இது தோன்றலாம். நெருக்கடி, காற்றோட்டமின்மை, தீவனக் குறைபாடு, கிளறுவதற்கு ஒன்றுமில்லாத வெறுந்தரை ஆகியன இதற்குக் காரணங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள், பன்றிகள் கிளறத்தக்க பொருள்களை இடுமாறு கட்டளையிட்டு, வழக்கமாக வாலை நறுக்குவதைத் தடை செய்தன. கடிபட்ட குட்டியை உடனே தனியே பிரித்துச் சிகிச்சை அளித்தல் வேண்டும். குருதியின் வாடை பிற குட்டிகளையும் கடிக்கத் தூண்டும்.

களப்பணியாளர் குட்டிகளின் தோலிலுள்ள கீறல்களை எண்ணிக் குறித்துவரலாம். முன்னுடலில் மிகுந்த கீறல்கள் எதிர்த்து நின்று போரிட்டதையும், பின்னுடலில் மிகுந்தவை துரத்தப்பட்டுக் கடிபட்டதையும் பெரும்பாலும் உணர்த்தும். மாணவர்க்கும் இஃது எளிய, பயனுள்ள பயிற்சியாகும். கலந்த முதல் இரண்டு நாட்களில் கொட்டிலை அடிக்கடி பார்வையிட்டால் பெருநட்டத்தைத் தவிர்க்கலாம்.